காற்று வீசும்போது நிறுத்தச் சொல்பவர்

(தேசியப் பாதுகாப்பு நாளையொட்டி நாகர்கோவிலில், காற்றாலைப் பணியாளர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள், காற்றாலை உரிமையாளர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை மார்ச் மாதத்தில் வைத்தது மிகப் பொருத்தம். 1966 மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டதால் அந்த நாள் பாதுகாப்பு நாள் ஆயிற்று. அது நாடு முழுமைக்கும் பொதுவான காரணம். நமக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இப்போது காற்று ஓய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுவது, போல்ட்டுகளை முறுக்கிச் சரிபார்ப்பது, இறக்கையில் விழுந்த விரிசலை அடைப்பது எல்லாம் இந்த மாதங்களில்தான் நடக்கும். மே பிறந்தால் சீசன் வந்துவிடும். அதற்குப் பிறகு செப்டம்பர் முடியும்வரை ஒரு மிஷின் ஒரு மணி நேரம் நின்றாலும், "ஏன் நின்றது?" என்று கேட்டு எங்கிருந்தாவது போன் வரும். அந்தக் கேள்விக்கு, "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். சேஃப்டி ஆபீசர் என்று நாம் அழைக்கும் அந்த மனிதரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அவரைப் பற்றிப் பொதுவில் இருக்கும் எண்ணம் எல்லோருக்கும் தெரியும். ஹெல்மெட் போடாதவனைப் படம் எடுப்பவர், பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவர், வருடத்துக்கு ஒருமுறை வாசகப் போட்டி நடத்திப் பரிசு கொடுப்பவர். பல இடங்களில் அவருக்கு அதற்குமேல் வேலை கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையின் உண்மையான அளவு என்ன என்பதைக் காற்றாலையில் பார்ப்பதுபோல வேறெங்கும் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது என்பது என் அனுபவம்.

1986ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை வந்தது. குஜராத்தில் ஓக்காவும் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரியும் அதே காலத்தவை. அன்றைய மிஷின் ஒன்றின் திறன் 55 கிலோவாட். கோபுரம் நல்ல உயரமான தென்னை அளவுக்கு இருக்கும். தென்னை ஏறிப் பழகிய ஊர்க்காரனுக்கு அது பெரிய உயரமாகத் தோன்றியிருக்காது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புதிதாக நடப்படும் மிஷின் ஒன்றே இரண்டு, மூன்று மெகாவாட். கோபுரம் 120 மீட்டர், 140 மீட்டர் என்று போகிறது. முப்பந்தல், காவல்கிணறு, ராதாபுரம், கயத்தாறு, உடுமலைப்பேட்டை என்று எங்கே போனாலும் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ படித்த இருபது வயதுப் பையன்கள் இந்த உயரத்தில் ஏறி இறங்குகிறார்கள். சமீப ஆண்டுகளில் பெண்களும் ஏறுகிறார்கள்.

அந்த உயரத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை உரிமையாளர்கள் பலர் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ ராஜபாளையத்திலோ நூற்பாலை நடத்துகிற ஒருவருக்கு இங்கே நான்கு மிஷின் இருக்கும். மின்கட்டணம் குறைகிறது, தேய்மானக் கணக்கில் வரிச்சலுகை கிடைக்கிறது, மாதம் தவறாமல் எத்தனை யூனிட் என்று தாள் வருகிறது. ஏறுகிற பையனை அவர் பார்த்திருக்க மாட்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஏற்பாடு அப்படி. ஆகவே அந்தப் பையன் ஏறுவதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

கோபுரத்தின் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே போனால் ஏணி. ஏணியின் நடுவில் ஒரு கம்பியோ தண்டவாளமோ ஓடும். ஹார்னஸின் மார்புக் கொக்கியை அதில் ஓடும் பிடிப்பானில் மாட்டிவிட்டால், கை வழுக்கினால் அது கடித்து நிறுத்திவிடும். ஆபத்து ஏணியில் இருப்பதைவிட ஏணி முடிகிற இடத்தில்தான் அதிகம். மேல்தளத்தில் கால் வைக்கும்போது பிடிப்பானைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன்பே இன்னொரு கொக்கியை உறுதியான வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். இரண்டு கயிற்றில் ஒன்று எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. களைத்து வியர்த்து மேலே வந்தவன் "ஒரு எட்டுதானே" என்று நினைக்கிற அந்தக் கணத்தில் அந்த விதிதான் அவனைத் தாங்க வேண்டும். ஒரே விதியைப் பத்துமுறை சொல்கிறார் என்று சேஃப்டி ஆபீசர்மீது சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால் கை தானாகக் கொக்கியைத் தேடும்வரை சொல்லியே தீர வேண்டும். ஆபத்து நேரத்தில் மூளை யோசிக்காது, பழகிய கைதான் வேலை செய்யும்.

கொக்கி பிடித்துவிட்டால் உயிர் தப்பியது என்று பலர் நினைக்கிறார்கள். விழுகிறவனை நிறுத்தும்போது உடம்பில் விழும் விசை 6 கிலோ நியூட்டனைத் தாண்டாதபடி அதிர்வு தாங்கி அமைக்கப்படுகிறது. ஏறத்தாழ 600 கிலோ எடை ஒரு கணம் உடம்பில் விழுகிற கணக்கு அது. அதைத் தாங்கியவன் அடுத்து அந்தரத்தில் தொங்குவான். அசையாமல் தொங்கும் உடம்பில் கால்களுக்கு இறங்கிய ரத்தம் மேலே திரும்ப முடியாமல் தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மயங்கியும் நேராகவே தொங்கினால் உயிருக்கு ஆபத்து. 108-க்குப் போன் போட்டால் வண்டி கீழ்க்கதவுவரை வந்துவிடும். வண்டியில் வந்தவரால் எண்பது மீட்டர் ஏற முடியாது. பக்கத்து ஊர்த் தீயணைப்பு வண்டியின் ஏணியும் அந்த உயரத்துக்கு எட்டாது. அப்படியானால் அவனை யார் இறக்குவது? மேலே அவனோடு நிற்கிற இன்னொருவன்தான். தனியாக ஒருவன் ஏறக்கூடாது என்ற விதியின் முழு அர்த்தம் இதுதான். கூட ஏறுகிறவனுக்கு மீட்புக் கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கருவி மேலே இருக்க வேண்டும், கீழே ஜீப்பில் இருக்கக்கூடாது. இவ்வளவையும் ஏறுவதற்கு முன்பே உறுதி செய்வது சேஃப்டி ஆபீசர் வேலை.

காற்றாலை உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் சேர்ந்து 2012இல் குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முதலுதவி, சுமை தூக்குதல், தீ, உயரத்தில் வேலை, கடலில் உயிர் பிழைத்தல் என்று அடிப்படைப் பயிற்சியைப் பிரித்து, உலகம் முழுவதும் ஒரே பாடம் என்று வைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் பயிற்சி எடுக்க வேண்டும். இந்தியாவிலும் மையங்கள் உண்டு. சான்றிதழை நான் மதிக்கிறேன். அதே சமயம், பயிற்சிக் கூடத்தின் கோபுரத்தில் காற்று அடிக்காது, எண்ணெய் வழுக்காது, அரை இருட்டாக இருக்காது. சான்றிதழ் வாங்கியவன் தன் சொந்த மிஷினில், தன் சொந்தக் கருவியால், தன்னோடு தினமும் ஏறுகிறவனையே ஒருமுறை இறக்கிப் பார்த்திருக்கிறானா என்று நான் கேட்பேன். மார்ச், ஏப்ரலில் அதற்கு நேரம் இருக்கிறது.

விழுவது மனிதன் மட்டும் அல்ல. எண்பது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு ஸ்பேனர் நழுவினால் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே கதவோரம் நிழலுக்கு ஒதுங்கி நிற்பவருக்கு அது வருவது தெரியாது. ஆகவே கருவிக்கும் கயிறு வேண்டும், கோபுரத்தின் அடியில் யாரும் நிற்காத எல்லையும் வேண்டும். ஆடு மேய்க்க வருகிறவர்களுக்கும் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். நிலம் அவர்கள் ஊர் நிலம், நமக்கு முன்பிருந்தே அங்கே மேய்க்கிறவர்கள்.

இனி மின்சாரம். மிஷினை நிறுத்திவிட்டோம், பிரேக்கரை இறக்கிவிட்டோம், ஆகவே எல்லாம் செத்துவிட்டது என்று நினைப்பதுதான் காற்றாலையின் மிகப் பெரிய பொறி. பழைய மிஷின்களின் பேனலில் இருக்கும் கெப்பாசிட்டர்கள், இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் தேங்கியிருக்கும். மேலே சுழலி, பிரேக் பிடித்து நின்றாலும், காற்று தள்ளினால் நகரும். சுழலியின் விட்டம் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 15 சுற்றுச் சுற்றினால் இறக்கையின் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் போகும். தரையிலிருந்து பார்த்தால் மெதுவாகச் சுற்றுவதுபோல இருக்கும். இறக்கைகள் சேரும் ஹப்புக்குள் நுழைவதற்கு முன்னால் பிரேக்கை மட்டும் நம்பாமல், பூட்டு ஊசியைத் தள்ளிச் சுழலியைப் பூட்டச் சொல்வது அதனால்தான். அதன் பிறகு, பூட்டியவன் தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பூட்டை வேறு யாரும் திறக்கக்கூடாது, மேலாளரும்கூட.

கம்பிப் பாதையில் வேலை என்றால் எல்.சி. வாங்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். லைனை நிறுத்திவிட்டேன், வேலை செய்யலாம் என்று மின்வாரிய ஆபரேட்டர் தரும் உறுதி அது. ஆனால் அந்த உறுதி துணைமின் நிலையப் பக்கத்துக்கு மட்டும்தான். மறுமுனையில் அதே ஃபீடரில் பத்து மிஷின் இருக்கின்றன. அந்தப் பக்கத்து ஸ்விட்சுகளும் திறந்திருக்கின்றனவா, கம்பியைச் சோதித்துப் பார்த்தார்களா, இருபுறமும் எர்த் ராடு போட்டார்களா? வேலை நடக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் எர்த் தெரியாமல் கம்பியைத் தொடாதே என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

எல்.சி. என்றாலும் வேலைக்கு அனுமதி தரும் பர்மிட் என்றாலும் முடிவில் அது ஒரு தாள். ஒரு தாள் கை மாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த பாடம் ஒன்று உண்டு. 1988 ஜூலை 6ஆம் தேதி, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. பகல் ஷிஃப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியவில்லை. வால்வு இருந்த இடத்தில் ஒரு தற்காலிக மூடி மட்டும் இருந்தது. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றப்பட்ட செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. உற்பத்தி நிற்கக்கூடாதே என்று பழுதுக்கு நிறுத்தியிருந்த பம்பை ஓட்டினார்கள். எரிவாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 106 பரிந்துரைகளைத் தந்தார். வட கடலின் பாதுகாப்பு முறையே அதற்குப் பிறகு திருத்தி எழுதப்பட்டது. இன்று அதே கடலில் காற்றாலை நடுகிறவர்கள் அந்த எண்ணெய்த் தொழிலின் பாடங்களின்மேல்தான் நிற்கிறார்கள். நம்மிடம் பர்மிட் புத்தகம் இருக்கிறது. மாலையில் வேலை முடியாமல் இறங்குகிறவன் காலையில் ஏறப்போகிறவனிடம் முகத்தைப் பார்த்து, "இதுவரை முடிந்தது, இது கழற்றி இருக்கிறது" என்று சொல்கிறானா என்று ஒவ்வொரு தளப் பொறுப்பாளரும் இந்த வாரமே பார்க்கலாம்.

தீயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2013 அக்டோபர் 29, நெதர்லாந்தில் ஊல்ட்கென்ஸ்பிளாட் என்ற ஊர். நான்கு பேர் வழக்கமான பராமரிப்புக்கு வந்திருந்தார்கள். கோபுரத்தின் உயரம் 67 மீட்டர். உச்சியில் இருக்கும் நாசெல் அறையில் தீப்பிடித்தது. இரண்டு பேர் தப்பினார்கள். மற்ற இருவருக்கும் இறங்கும் வழியைத் தீ மறித்துவிட்டது. ஒருவருக்கு 19 வயது, இன்னொருவருக்கு 21. நாசெலின் கூரையில் அவர்கள் நிற்கும் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தை நான் பயிற்சி வகுப்பில் காட்டுவதில்லை. அவர்கள் பெற்றோருக்கு அது பாடப் படம் அல்ல. ஆனால் அந்த நாளிலிருந்து, நாசெலில் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான். ஏணி வழி அடைபட்டால் எந்தக் கதவு வழியாக, எந்தக் கயிற்றில், எந்த வளையத்தில் மாட்டி வெளியே இறங்குவது? அதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுவிட்டுத்தான் கருவிப் பையைத் திறக்க வேண்டும். தப்பிக்கும் கருவியைக் கீழிருந்து தூக்கிக்கொண்டு போவது பல தளங்களில் சுமை என்று தவிர்க்கப்படுகிறது. அது சுமைதான். தூக்கித்தான் ஆக வேண்டும்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் விபத்து. சேஃப்டி ஆபீசர் பொறுப்பில் ஆரோக்கியமும் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பாதியை ஏறக்குறைய எவரும் பேசுவதில்லை. மூடிய நாசெல், கியர்பாக்ஸின் வெப்பம், மேலே ஏப்ரல் வெயில். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். மேலே கழிப்பறை கிடையாது. ஆகவே ஏறப்போகிறவன் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறான், பெண்களோ இன்னும் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருபத்தைந்து வயதில் வருவதற்கு வேறென்ன வேண்டும்? சுவரொட்டியால் இது தீராது. வேலையைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் இறக்கிவிடுவது, இடையில் ஒருமுறை இறங்கி ஏறும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடுவது, கோபுரத்தின் அருகே கதவுள்ள ஒரு கழிப்பறை வைப்பது என்று ஏற்பாட்டை மாற்றினால்தான் தீரும்.

இறக்கை பழுது பார்க்கிறவர்களின் கதை வேறு. இறக்கை என்பது கண்ணாடி இழையும் எப்பாக்ஸி பிசினும். தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குப் போகும். பிசின் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை வந்துவிட்டால், பெரும்பாலும் அது ஆயுள் முழுவதும் போகாது. அதற்கப்புறம் கையுறை போட்டாலும் அந்தப் பிசின் இருக்கும் அறைக்குள் நுழைய முடியாமல் போகலாம். கை முழுக்கத் தடித்துச் சிவந்த பையன் தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்கிப் போட்டுக்கொள்வான். வேலையால் வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. எழுதாததால் அது கணக்கில் வருவதில்லை. ஒரு கோபுரம் சாய்ந்தால் படம் பத்திரிகையில் வருகிறது. முப்பது வயதில் முழங்கால் போனவன், தோள் போனவன், தோல் போனவன் ஊரில் சின்னக் கடை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். வருடத்துக்கு ஒருமுறை உடற்பரிசோதனை என்ற பெயரில் ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டுக் கொடுப்பதை நான் ஆரோக்கியப் பணியாக ஏற்க மாட்டேன். மருத்துவர் ஒருமுறையாவது கோபுரத்தின் அடிக்கு வந்து, இவன் என்ன வேலை செய்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இனி நான் பேச வந்ததன் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

ஒரு ஆடி மாதம். பண்ணையின் பெயர் வேண்டாம். ஒரு மிஷினில் காற்றின் திசை காட்டும் உணரி கெட்டுப்போய் அது நின்றுவிட்டது. பழுது சின்னது, ஆனால் நாசெலின் கூரையைத் திறந்து வெளியே போக வேண்டும். காற்றுமானி நொடிக்கு 17 மீட்டர் காட்டியது. அந்த மாடலின் கையேடு அந்தக் காற்றில் கூரைக்குப் போகாதே என்கிறது. பையன் ஹார்னஸை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, ஏறட்டா? மேலேருந்து ரெண்டு போன் வந்துட்டு" என்றான். வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் எனக்குப் போன்கள் வந்தன. மறுநாள் விடியற்காலையில் காற்று தணிந்தபோது இரண்டு பேர் ஏறி, வெயில் வருமுன் சரிசெய்துவிட்டு இறங்கினார்கள். மாதக் கடைசியில் அந்த ஒரு இரவின் உற்பத்தி இழப்பு ரூபாயாகக் கணக்கிடப்பட்டு, எதிரே "பாதுகாப்புப் பிரிவு" என்று எழுதப்பட்ட தாள் வந்தது. அந்தத் தாளை அனுப்பியவரும் கெட்டவர் அல்ல. அவருக்குமேல் ஒருவர் அவரிடம் கேட்டிருப்பார்.

இங்கே ஓர் உண்மையைப் பார்க்க வேண்டும். காற்றாலை நொடிக்கு 25 மீட்டர் காற்றுவரை ஓடும்படி செய்யப்பட்டது. அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். முழுத் திறனில் அது ஓடத் தொடங்குவது பெரும்பாலும் 12 மீட்டரை ஒட்டி. மனிதன் ஹப்புக்குள் போகவும் கூரையில் நிற்கவும் கையேடுகள் வைக்கும் எல்லை மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் இயந்திரத்தின் எல்லையைவிட எல்லாம் மிகக் கீழே. ஆக, மிஷின் அதிகப் பணம் சம்பாதிக்கிற காற்றுதான் மனிதன் மேலே இருக்கக்கூடாத காற்று. பழுதும் பெரும்பாலும் அந்தக் காற்றில்தான் வரும். இந்த முரண் காற்றாலைத் தொழிலின் உடம்பிலேயே இருக்கிறது. எந்தப் பயிற்சியாலும் எந்தக் கவசத்தாலும் இது போகாது. காற்று குறையும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. காத்திருப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது?

நம் ஊர் ஏற்பாட்டில் மூன்று கைகள் இருக்கின்றன. மிஷின் நூற்பாலைக்காரருடையது. பராமரிப்பு தயாரிப்பு நிறுவனத்துடையது அல்லது அதற்கென்றே இருக்கும் கம்பெனியுடையது. ஏறுகிற பையன் பெரும்பாலும் அவர்களுக்குக் கீழே இருக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள். உரிமையாளருக்கும் பராமரிப்பாளருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கும். வருடத்தில் 95 சதவீதம், அதற்குமேல் என்று மிஷின் ஓடத் தயாராக இருக்க வேண்டிய அளவை அதில் எழுதியிருப்பார்கள். குறைந்தால் அபராதம். மின்வாரியத்தின் கிரிட் நின்றால் அந்த நேரத்தைக் கழித்துவிடுவார்கள். புயல், வெள்ளம் என்றாலும் கழித்துவிடுவார்கள். சேஃப்டி ஆபீசர் "இந்தக் காற்றில் ஏறாதே" என்று நிறுத்திய நேரத்தைக் கழிக்கும் வரியை நான் பார்த்த ஒப்பந்தங்களில் கண்டதில்லை. அந்த நேரம் அபராதத்தில் சேர்கிறது. அபராதம் பராமரிப்பாளரைத் தள்ளுகிறது, அவர் ஒப்பந்தக்காரரைத் தள்ளுகிறார், அவர் பையனைத் தள்ளுகிறார். "யாரும் உன்னை ஏறச் சொல்லவில்லையே" என்று பிறகு சொல்லவும் எல்லோராலும் முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 1,000 தொழிலாளர் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டுப் பணிப்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தொழிற்சாலைகளுக்கு 500 என்று குறைத்தது, அபாயகரமான தொழில் என்றால் 250. நல்ல மாற்றம். ஆனால் இந்தக் கணக்கு ஒரு வாசல், ஒரு மதில், உள்ளே ஆயிரம் பேர் என்ற ஆலையை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. காற்றாலையில் ஐம்பது சதுர மைலுக்குள் நூறு கோபுரம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கோபுரத்தில் இருப்பது இரண்டு பேர். மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் பிரிந்த ஆட்களை எப்படிக் கூட்டினாலும் எண்ணிக்கை அந்த எல்லையைத் தொடாமல் போகலாம். மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் மின்பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்கின்றன. அவர் பார்வை மின்சாரத்தின்மேல்தான், உயரம் அவர் கணக்கில் வராது. ஆகவே காற்றாலைக்கு ஆள் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கோபுர எண்ணிக்கையை வைத்துப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும்படி மாநில அரசு விதி செய்ய வேண்டும் என்பது என் கருத்து. இத்தனை கோபுரத்துக்கு ஒருவர் என்று இருக்கட்டும். எத்தனை என்பதைத் தொழிலில் இருப்பவர்களும் தொழிற்சாலைகள் ஆய்வாளர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.

உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையைவிட்டு விலகுகிறவன் அதனால் பாதிக்கப்படக்கூடாது என்று 1981ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை 155 சொல்கிறது. 2022இல் அந்த உடன்படிக்கையை அடிப்படை உடன்படிக்கைகளின் வரிசையில் சேர்த்தார்கள். ஜெனீவாவில் எழுதப்பட்ட அந்த வரி பணகுடிப் பக்கத்துக் கோபுரத்தடியில் நிற்கும் பையனிடம் எப்படி வந்து சேரும்? அவனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒருவர் அவனுக்காக அதைச் சொன்னால்தான் வரும். அப்படிச் சொல்கிறவரின் சம்பள உயர்வை எழுதுகிறவர் உற்பத்தி மேலாளராக இருந்தால் வராது. பாதுகாப்பு அதிகாரி உற்பத்திப் பிரிவுக்குக் கீழே இருக்கவே கூடாது என்று நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வது அதனால்தான். அவர் நேரே நிறுவனத்தின் தலைமைக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும்.

இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. இந்த வேலைக்கு வருகிறவர் கோபுரம் ஏறியவராக இருக்க வேண்டும். கையேட்டை மட்டும் படித்தவர் சொன்னால், வியர்வையோடு இறங்கி வருகிறவன் காது கொடுக்க மாட்டான். ஏறி இறங்கி, கியர்பாக்ஸ் எண்ணெயில் கால் வழுக்கி, ஹப்புக்குள் குறுகிப் படுத்து வேலை செய்தவன், பிறகு பாதுகாப்புப் பட்டயம் படித்து வந்தால் அவன் வார்த்தைக்கு எடை வரும். டெக்னீஷியனாகப் பத்து வருடம் இருந்த பிறகு முழங்கால் ஒத்துழைக்காதபோது போக இடம் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு நல்ல பாதை. நிறுவனங்கள் வெளியிலிருந்து ஆள் தேடுவதற்கு முன் தம் சொந்த டெக்னீஷியன்களைப் படிக்க அனுப்ப வேண்டும்.

அடுத்த பத்து ஆண்டில் இந்த வேலை இன்னும் கடினமாகும். தொண்ணூறுகளில் நட்ட மிஷின்கள் இன்னும் நம்மிடம் நிறைய ஓடுகின்றன. கம்பிச் சட்டக் கோபுரம், பிடிப்பான் ஓடும் கம்பி இல்லாத ஏணி, துருப்பிடித்த வளையங்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கும் புதுப்பிப்பதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் ஒரு கொள்கை அறிவித்தது. ஆயுளை நீட்டிக்கும்போது கோபுரத்தின் வலிமையை மட்டும் பார்த்தால் போதாது, ஏணிக்கும் கொக்கி வளையத்துக்கும் இன்றைய தரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய மிஷினைப் பிரித்து இறக்குவதோ நடுவதைவிட ஆபத்தானது. எந்த போல்ட் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று எந்த வரைபடமும் சொல்லாது. கடலிலும் காற்றாலை வரப்போகிறது. கடல் காற்றாலைக்கென 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதில் 500 மெகாவாட் தமிழ்நாட்டுக் கடலுக்கு. ஆடும் படகிலிருந்து கோபுரத்து ஏணிக்குத் தாவுகிற அந்த ஓர் அடியைப் பழக்க, அலை அறிந்த நம் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளைவிடத் தகுந்தவர்கள் யார்? பயிற்சி மையத்தைக் கடற்கரையிலேயே, அவர்கள் ஊரிலேயே இப்போதே தொடங்கலாம்.

உரிமையாளர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். அந்தத் தாளில் ஒரு வரி சேருங்கள்: பாதுகாப்புக் காரணத்துக்காகப் பாதுகாப்பு அதிகாரி எழுத்தில் நிறுத்திய நேரம் மிஷின் நின்ற நேரமாகக் கணக்கிடப்படாது. இந்த வரியைக் காட்டி வேலையைத் தட்டிக்கழிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். அதிகாரி நேரத்தையும் காற்றின் அளவையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், காற்றுமானியின் பதிவோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். நியாயமான ஒரு இரவுக்கு என்ன செலவு என்று உங்கள் கணக்குப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், நூற்பாலையில் ஒரு ஷிஃப்டு நூல் அறுந்தால் ஆகும் செலவைவிட அது பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன்.

தளப் பொறுப்பாளர்கள் இன்னும் அரை மணி நேரம் இருங்கள். முப்பந்தல், காவல்கிணறு, பணகுடிப் பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரு பொது மீட்புக் குழு அமைப்பது பற்றிப் பேசி, யாரிடம் என்ன கருவி இருக்கிறது, எந்தக் கோபுரத்துக்கு எந்த வழியில் வண்டி போகும் என்ற பட்டியலை இன்றே எழுதத் தொடங்கலாம். வரைபடத்தைப் பின்னால் இருக்கும் மேசையில் விரித்து வைத்திருக்கிறேன்.